ஔடத தானமும் ஔடத வாணிகமும்



நம் சமணச் சான்றோர் அறநூல்களை இயற்றியபோது அவற்றுள் சிலவற்றுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஐந்து வேர்கள் கூடி உடற்பிணியைத் தீர்ப்பதுபோல ஐந்து நற்கருத்துகள் கூடி உயிர்ப்பிணியைத் தீர்க்கும் என்பது முன்னதன் கருத்து. ஏலாதி என்னும் பெயரில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு பங்கு, நாககேசரம் மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என அளந்து சேர்த்தால்தான் அது ஏலாதிச் சூரணம் ஆகும். பொருளும் பிழைபடலாகாது, அளவும் பிழைபடலாகாது.

முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பங்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். அதனை ஓர் இலக்கியச் செய்தியாகவே அன்று கருதினேன். அஃது ஓர் அறச்செய்தியும் ஆகும் என்பதை, ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே உணர்ந்தேன். உணர்த்தியவர்கள், முகமறியாத ஊரில் மாண்டுபோன சின்னஞ்சிறு குழந்தைகள்.

சிந்துவாராவில் நிகழ்ந்தது

2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலும் செப்டம்பரிலும், மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிலருக்குச் சளியும் இருமலும் காய்ச்சலும் கண்டன. எல்லா வீட்டிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான். பெற்றோர் மருத்துவரிடம் காட்டி, எழுதிக் கொடுத்த இருமல் மருந்தை வாங்கி வந்து புகட்டினர். சில நாள்களில் குழந்தைகள் வாந்தி எடுத்தன. பின்னர்ச் சிறுநீர் நின்றது. மாநில எல்லை கடந்து நாகபுரியின் பெரிய மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினர். சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

அந்த மருந்து நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஓர் ஆலையில் தயாரிக்கப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அதனைச் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு கலந்திருந்தது. பொறுத்துக்கொள்ளத் தக்கது என்று மருந்து நூல்கள் வகுத்துள்ள எல்லை 0.1 விழுக்காடே. பாட்டிலில் ஏறத்தாழப் பாதி நஞ்சு என்று பொருள். அவ்வாலையில் 350-க்கும் மேற்பட்ட குறைகள் கண்டறியப்பட்டன. உரிமம் நீக்கப்பட்டது, உரிமையாளர் கைது செய்யப்பட்டார். யாருக்கு எவ்வளவு தண்டனை என்பது நீதிமன்றத்துக்கு உரியது; அதனைக் கூற நான் இவ்வெழுத்தை எழுதவில்லை. ஜினகாஞ்சி என்று நாம் கைகூப்பிச் சொல்லும் திருப்பருத்திக்குன்றம் அமைந்துள்ள அதே மாவட்டத்திலிருந்து அந்தப் பாட்டில்கள் புறப்பட்டன என்பதே என் உறக்கத்தைக் கெடுத்தது.

நஞ்சு எவ்வாறு நுழைகிறது?

பாரசிட்டமால் போன்ற மருந்துகள் நீரில் நன்கு கரைவதில்லை. ஆகவே குழந்தைகள் விழுங்குதற்கேற்ற பாகாக்க, புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் முதலிய கரைப்பான்களைச் சேர்ப்பர். இவை மருந்துத் தரத்தில் தூய்மையாக்கப்பட்டிருப்பின் தீங்கில்லை. ஆனால் இவற்றைப் போலவே நிறமற்றதாய், பிசுபிசுப்பாய், இனிப்புச் சுவையுடையதாய் இருக்கும் வேறொரு பொருளும் உண்டு. அதுவே டை எத்திலீன் கிளைக்கால். வண்டிகளின் பிரேக் எண்ணெய் முதலிய தொழிற்சாலைப் பொருள்களுக்கு உரியது, விலை குறைந்தது. கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, நாவில் வைத்தோ ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் மட்டுமே தெரியும். பீப்பாய் ஒவ்வொன்றையும் திறந்து, சிறிது எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டால் போதும். அந்தச் சிறு செலவையும் சிறு நேரத்தையும் மிச்சம் பிடித்ததற்கு விலையாகத்தான் உலகமெங்கும் குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது.

இது புதிதன்று. 1937 இல் அமெரிக்காவில் எலிக்சிர் சல்பனிலமைடு என்னும் மருந்தை, இதே நஞ்சில் கரைத்து விற்றனர். சுவை பார்த்தனர், நிறம் பார்த்தனர், மணம் பார்த்தனர். உயிருக்குத் தீங்கு செய்யுமா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்காலச் சட்டத்தில் அப்படிப் பார்க்கவேண்டும் என்னும் கட்டாயமே இல்லை. சாராயம் கலந்ததற்குரிய எலிக்சிர் என்னும் பெயரைச் சாராயம் இல்லாத மருந்துக்குத் தவறாக இட்டார்கள் என்றுதான் வழக்குத் தொடுக்க முடிந்தது. மறு ஆண்டே அங்குச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது.

நம் நாட்டிலோ 1972 இல் சென்னையிலும், 1986 இல் மும்பையிலும், 1998 இல் தில்லியை அடுத்த குர்கானிலும் இதே நஞ்சு உயிர்களைக் கொண்டுபோயிற்று. மும்பையில் 14 பேர்; குர்கானில் 33 குழந்தைகள். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜம்முவின் இராம்நகரில் மீண்டும் நிகழ்ந்தது. 2022 இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் அருந்திய மருந்து நம் நாட்டிலிருந்து சென்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் அந்நாட்டிலேயே செய்த மருந்தை அருந்தி இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

காம்பியாவுக்குப் பின், அயல்நாடு செல்லும் இருமல் மருந்தை அரசு ஏற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்று பெற்ற பின்னரே அனுப்பவேண்டும் என்னும் விதி 2023 ஜூன் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதியே. ஆனால் உள்நாட்டுக் குழந்தைக்கு விற்கும் பாட்டிலுக்கு அவ்விதி அப்போது நீட்டப்படவில்லை. இரண்டாண்டுகள் கழித்துச் சிந்துவாரா நிகழ்ந்தது. கப்பல் ஏறும் பாட்டிலுக்கு ஒரு நீதி, லாரி ஏறும் பாட்டிலுக்கு ஒரு நீதியா?

ஒத்ததைக் கலத்தல்

சிராவகப் பெருமக்களே! இனி நம் சாத்திரத்துக்கு வருவோம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் சிறுவயதிலேயே மனனம் செய்கிறோம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், ஔடத தானத்துக்கு எடுத்துக்காட்டாக விருஷபசேனை என்னும் பெண்ணின் பெயரைக் கூறியுள்ளார். அந்நூலிலேயே இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களையும், அவற்றுக்கு நேரும் அதிசாரங்களாகிய குற்றங்களையும் விரித்துரைக்கிறார். அவற்றுள் கள்ளாமை விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் ஒன்று சதிருச சன்மிசிரம். ஒரு பொருளில் அதனைப் போலவே தோன்றும் வேறொரு பொருளைக் கலத்தல் என்பது அதன் பொருள்.

பன்னூறு ஆண்டுகளுக்கு முன் நெய்யையும் எண்ணெயையும் தானியத்தையும் கண்முன் வைத்துக் கூறப்பட்ட குற்றம் இது. கிளிசரினையும் கிளைக்காலையும் அவர் கண்டாரில்லை. ஆயினும் இன்று நடப்பதற்கு இதனினும் பொருத்தமான பெயரை எந்தச் சட்டநூலும் சூட்டவில்லை. இதில் நாம் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. ஆசாரியர் கலப்படத்தைப் பொய்யாமையின் கீழ் வைக்கவில்லை. கள்ளாமையின் கீழ் வைத்தார். வாங்குபவர் கொடுத்த காசுக்கு உரிய பொருள் அவருக்குச் சேரவில்லையாதலின் அது களவு. மருந்தில் அந்தக் களவு காசோடு நிற்பதில்லை. குழந்தையின் ஆயுளைத் திருடுகிறது. தாயின் நம்பிக்கையைத் திருடுகிறது. கள்ளாமையில் தொடங்கிய பிழை கொல்லாமையில் போய் முடிகிறது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகார நிறைவில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வள்ளுவர் வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன். மருத்துவன் தானே வேரைப் பறித்து, தானே இடித்து, தானே குழைத்துக் கொடுத்த காலத்துக்கு அந்நான்கும் போதுமானவை. இன்று ஐந்தாமவன் ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். மருந்தைச் செய்பவன் அவன். நோயாளி அவனைக் கண்டதில்லை; அவனும் நோயாளியைக் கண்டதில்லை. முகம் காணாத இடத்தில் அறம் காப்பதுதான் கடினம். எதிரே நின்று அழும் குழந்தைக்கு நஞ்சு புகட்ட எவர்க்கும் கை வராது. பீப்பாயின் முன் நிற்பவனுக்கோ குழந்தை தெரிவதில்லை. இலாபக் கணக்கு மட்டுமே தெரிகிறது.

பிரமாதம் என்னும் பாவம்

நான் கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, விற்றவன் சொன்னதை நம்பி வாங்கினேன், சான்றிதழ் இருந்தது என்று ஒருவர் கூறலாம். இத்தகைய நிகழ்ச்சிகள் அனைத்திலும் எழும் விடை இதுவே. 2006 இல் பனாமா நாட்டில் பலர் இறந்தபோது, சீனத்தில் செய்த நஞ்சு கிளிசரின் என்னும் பெயரோடு ஸ்பெயின் வணிகர் வழியாகக் கைமாறிப் பனாமா சேர்ந்தது தெரியவந்தது. வழிநெடுகத் தாள்களில் பெயர்கள் மாறின. ஒவ்வொருவரும் முன்னவர் தாளை நம்பினர். எவரும் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை.

இந்த விடையை நம் ஆகமம் ஏற்பதில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிர்க்கு ஊறு நேர்ந்தது என்பதை மட்டும் கூறி நிற்கவில்லை. அதற்கு முன்னதாகப் பிரமாதத்தை வைக்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. ஆசையால் வரும் மயக்கமும், சோம்பலும், பார்த்துக்கொள்ளலாம் என்னும் அசட்டையும் அதனுள் அடங்கும். நம் முனிவர் மயிற்பீலியால் நிலத்தை வருடி அமர்வது ஏன்? எறும்பைக் கொல்லும் எண்ணம் அவர்க்கு உண்டா? இல்லை. எண்ணம் இல்லாமை மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும் என்பதற்காகவே அப்பீலி. மருந்தாலையில் உள்ள ஆய்வுக்கூடமே அவ்வாலையின் மயிற்பீலி ஆகும். அதனை எடுத்து வருடாமல் அமர்ந்தவன், நான் எறும்பைக் காணவில்லை என்று கூறித் தப்ப முடியாது.

விழிப்புடைமைக்கு ஒரு பெண்மணியைச் சான்றாகக் கூறுவேன். 1937 இல் அந்த அமெரிக்க நஞ்சு ஆராயப்பட்டபோது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்து அப்பணியில் பங்குகொண்டவர் பிரான்சிஸ் கெல்சி. 1960 இல் அவர் அமெரிக்க அரசின் மருந்துத் துறையில் சேர்ந்தார். தாலிடோமைடு என்னும் உறக்க மருந்துக்கு அனுமதி கேட்டு ஒரு நிறுவனத்தின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவில் கருவுற்ற பெண்களும் உட்கொண்ட மருந்து அது. அவரோ, தீங்கின்மைக்குச் சான்று போதாது என்று கூறித் திருப்பி அனுப்பினார். மீண்டும் மீண்டும் நெருக்கினர். மீண்டும் மீண்டும் சான்று கேட்டார். 1961 இறுதியில் உண்மை வெளிப்பட்டது. அம்மருந்தால் உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைவுபட்டுப் பிறந்தன. அமெரிக்காவில் அந்தத் துயரம் பெரிதும் தவிர்க்கப்பட்டது. அவர் செய்ததெல்லாம், தெரியாததற்குக் கையெழுத்திட மறுத்தது ஒன்றே. அப்பிரமாதம் என்று நம் நூல்கள் கூறுவது இதனையன்றி வேறு எதனை?

வாணிகம் பாவம் என்று ஜினதர்மம் கூறவில்லை. நம்மவருள் வணிகர் மிகப் பலர். மருந்துத் தொழில் கொடியது என்றும் நான் கூறவில்லை. நம் நாட்டு ஆலைகள் எய்ட்சு நோய் மருந்தைக் குறைந்த விலையில் செய்து தந்ததால் ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கானோர் பிழைத்திருக்கின்றனர். விற்கப்படினும் மருந்தில் தானத்தின் சாயல் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். வாங்குபவர் பேரம் பேசி, தரம் பார்த்து வாங்கும் புடவை அன்று அது. துன்பத்தில் இருப்பவர், கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டிப் பெறுவது. தானம் பெறுபவரும் அவ்வாறே கை நீட்டுகிறார்.

என் பிழை

இனி என் பிழையையும் கூறியாக வேண்டும். பிறர் குற்றத்தை மட்டும் எண்ணுவது பிரதிக்கிரமணம் ஆகாது.

2025 செப்டம்பரில் என் பேத்திக்கு இருமல் வந்தது. அவளுக்கு வயது மூன்று. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்தனர். நான் தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்றேன். "போன தடவை கொடுத்தீர்களே தம்பி, அந்தச் சிவப்பு மருந்து" என்று கேட்டேன். "இதுதானே அம்மா?" என்று எடுத்துக் கொடுத்தார். சீட்டு அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி புகட்டினேன். சமையலறைக் கரண்டி. அன்றும் மறுநாளும் அவ்வாறே செய்தேன்.

அடுத்த மாதம் சிந்துவாராச் செய்தி வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். அது வேறு நிறுவனத்தினுடையது; அதில் நஞ்சு எதுவும் இல்லை. ஆனால் அதன் சீட்டில், மிகச் சிறிய எழுத்தில், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று அச்சிடப்பட்டிருந்தது. 2023 இறுதியில் அரசு ஆணையிட்டுச் சேர்க்கச் செய்த எச்சரிக்கை அது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நான், என் பேத்திக்குப் புகட்டிய மருந்தின் சீட்டைப் படிக்கவில்லை. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அது என் விழிப்பினால் அன்று, அவள் நல்வினையால். பீப்பாயைத் திறந்து பாராதவனுக்கும், சீட்டைப் படித்துப் பாராத எனக்கும் இடையே பயனில் மலையளவு வேற்றுமை உண்டு. பிரமாதம் என்னும் வித்து ஒன்றே.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும் என்பது நாம் அறிந்தது. சோதியாமல் கலந்தவர் செய்தவர். சோதியாமலே கையெழுத்திட்டவரும், பார்வையிடாமல் உரிமம் புதுப்பித்தவரும் செய்வித்தவர். எந்த இருமலுக்கும் ஓர் இனிப்பு மருந்து வேண்டும் என்று கேட்டு வாங்கும் நாம் உடன்பட்டவர்.

நம் கடன்

நான் ஆசிரியையாக இருந்த நாள்களில், பள்ளியில் போலியோ சொட்டு மருந்து முகாம் நடக்கும். ஊர்ப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நிற்பர். "இது என்ன மருந்து?" என்று ஒருத்தியும் கேட்டதில்லை. "நீங்க இருக்கீங்களே டீச்சர், அது போதும்" என்பார்கள். அந்தச் சொல்லின் மேல்தான் பொது நலவாழ்வு முழுவதும் நின்றது. 2014 இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டதற்கு அறிவியலோடு அந்த நம்பிக்கையும் காரணம். ஒரு பாட்டிலில் கலந்த நஞ்சு சில குழந்தைகளைக் கொல்கிறது. அந்த நம்பிக்கையில் கலந்த நஞ்சோ, நல்ல மருந்தையும் தடுப்பூசியையும் கண்டு தாய்மார் அஞ்சும்படி செய்து, இன்னும் பல குழந்தைகளைக் கொல்லும். ஆகவே மருந்தே வேண்டா என்று எவரும் முடிவுகட்ட வேண்டா. ஆராய்ந்து கொள்வதே அறம்.

மூன்று செயல்களை வேண்டுகிறேன்.

முதலாவது, வீட்டுக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து எதுவும் வேண்டா. ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் நடுவணரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியுள்ளது. பெரும்பாலான இருமல் தானே தணியும். ஓய்வும், வெதுவெதுப்பான நீர் ஆகாரமும் தருக. மூச்சு வாங்கினாலோ, பாலுண்ண மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுக. சீட்டைப் படியாமல் புகட்டற்க.

இரண்டாவது, நம் சமூகத்தில் மருந்துக்கடை நடத்துவோர்க்கும் மருந்தாலைகளில் பணிபுரியும் இளைஞர்க்கும். பில் இல்லாத சரக்கை மலிவு என்று வாங்காதீர். மருத்துவர் சீட்டின்றிக் குழந்தை மருந்தை எடுத்துக் கொடுக்காதீர். என்னைப் போன்ற கிழவி வந்து கேட்டாலும் கொடுக்காதீர். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிய தாளில் கையெழுத்திடாதீர். வேலை போகும் என்று அஞ்சினால், கெல்சி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருத்துவ முகாம் நடத்தும் அன்பர்க்கு. காலாவதி நெருங்கிய மருந்துகளையும், வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளையும் திரட்டி ஏழைகளுக்கு வழங்குவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. நாம் உண்ண அஞ்சுவதைப் பிறர்க்கு அளிப்பது ஔடத தானம் ஆகாது. தானத்திலும் பிரமாதம் புகும். ஒரு மருந்தாயினும் நாளும் தரமும் பார்த்து வாங்கிய புது மருந்தாக அளியுங்கள்.

நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்ந்து, ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக நாம் அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்கு மன்னிப்பு வேண்டுகிறோம். சிந்துவாராவின் அந்தக் குழந்தைகளையும் இப்போது நான் அதில் சேர்த்துக்கொள்கிறேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லும்போது, அறிந்துகொள்ள நான் முயன்றேனா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழிப்பே அகிம்சை. அறம் வளர்க!